கூடுதல் புள்ளி

"இனிமே என் முகத்துலயே முழிக்காதே. போ!"

அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் வேலை பார்க்கும் தாடிக்காரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். தங்கை மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

தமிழ், அரபு, தாய்லாந்து, ஆங்கிலம் என்று நான்கு மொழி எழுத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆறு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அக்கா வரைந்த எழுத்துரு அது. நேற்று வேறொரு கம்பெனியின் பெயரில் வெளியாகிவிட்டது.

எல்லாம் மென்பொருள் தேடப் போய் வந்த வினை. பழைய மென்பொருளில் தமிழ் ஒழுங்காக வந்தால், அரபு எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோக்க மாட்டோம் என்று அடம்பிடித்தன. புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன் மூன்றைச் சோதித்துப் பார்க்க, அக்கா எழுத்துருவை மூன்று பிரதிகள் எடுத்தாள். விலை கூடிய மென்பொருள் தனக்கு, இலவசமானது தாடிக்காரனுக்கு, இணையத்தில் ஏற்றி வேலை செய்வது தங்கைக்கு.

மூலத்தைப் பத்திரப்படுத்தும் சாமர்த்தியம் அக்காவுக்குக் கிடையாது. ஒருமுறை பென்டிரைவைத் துணியோடு சேர்த்துத் துவைத்தவள். அதனால் மூலம் இருந்த பென்டிரைவ் அவள் கணவரின் சாவிக்கொத்தில், வீட்டுச் சாவிக்கும் கார் சாவிக்கும் நடுவில் தொங்கியது. வாடிக்கையாளர், பேரம் எல்லாம் அவர் பொறுப்பு. "இன்னும் எத்தனை வருஷம்தான் வரைவே?" என்று அவர் கேட்காத வாரம் இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் கணவர். "நெட்ல ஏத்துற சாஃப்ட்வேரை உன் தங்கச்சி கையில குடுக்காதேன்னு. போன மாசம் அதே கம்பெனிக்கு இன்டர்வியூ போனவ அவ."

"போனது நிஜம்தான் மாமா. அக்காகிட்ட சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சொல்லிட்டுப் போனவ திருட மாட்டான்னு யாரு சொன்னது?"

வேறு யாராவது செய்திருந்தால் அக்கா வாய்க்கு வந்தபடி திட்டி ஆற்றிக்கொண்டிருப்பாள். தன் கையால் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பிய கூடப்பிறந்தவளே இப்படிக் கழுத்தறுத்துவிட்டாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

தங்கை பையைத் தோளில் மாட்டினாள். "போறேன்க்கா. ஆனா அவங்க வெளியிட்டதை ஒரு தடவை நீயே திறந்து பாரு. பார்த்துட்டு அப்புறம் காலம் பூரா என்னைத் திட்டு."

"அதுல பார்க்க என்ன இருக்கு?" என்றார் கணவர். "அச்சு அசல் நம்ம எழுத்து."

பார்க்க ஒன்று இருந்தது. பிரதிகள் திரும்பி வரும்போது எது யாரிடம் போனது என்று குழம்பக் கூடாதே என்று, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தின் வளைவில் அக்கா கூடுதலாக ஒரு புள்ளி வைத்திருந்தாள். அச்சில் தெரியாது, மென்பொருளில் திறந்து கோட்டைப் பெரிதாக்கினால்தான் தெரியும். தனக்கு 'ஐ', தாடிக்காரனுக்கு 'ஞ', தங்கைக்கு 'ழ'. மூலத்தைத் தொடவில்லை. யாரிடமும் சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

இப்போது சொன்னாள். அடுத்தவன் வெளியிட்ட எழுத்துருவைத் திறந்து 'ழ'வைப் பெரிதாக்கினாள். வளைவு சுத்தமாக இருந்தது.

"அப்ப நானா?" கதவருகே நின்ற தாடிக்காரனுக்கு முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா இல்லை மேடம்!"

'ஞ'வும் சுத்தம். தன் கணினியிலிருந்தே யாராவது எடுத்திருப்பார்களோ என்று 'ஐ'யையும் பார்த்தாள். அதிலும் புள்ளி இல்லை.

"மூணுலயும் இல்லையா?" தாடிக்காரன் மூச்சு விட்டான். "அப்ப எதுலேர்ந்துதான் போச்சு?"

"புள்ளி கிள்ளின்னு மனசைப் போட்டுக் குழப்பிக்காதம்மா," என்று கணவர் அவசரமாக எழுந்தார். "வா, வீட்டுக்குப் போகலாம்."

அக்கா தங்கையின் தோளிலிருந்த பையை இறக்கி மேசையில் வைத்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் வரவில்லை. பிறகு கணவரிடம் கையை நீட்டினாள்.

"சாவிக்கொத்தைக் குடுங்க. வீட்டுச் சாவியும் அதுலயே இருக்கட்டும்."