ரிப்பன் கட்டிய சைரன்

வெள்ளம் வந்தால் ஊத வேண்டிய சைரன், மந்திரி ரிப்பன் வெட்டுவதற்காகக் காத்திருந்தது. சைரன் கேட்டால் மந்திரி வந்துவிட்டார் என்று பள்ளத்தெருவுக்குச் சொல்லியிருந்தார்கள். மேட்டுப் பந்தலில் கத்தரிக்கோல் தட்டோடு நின்ற அந்தத் தெருக்காரி செவந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஆத்துல தண்ணி ஏறுது சார்!"

"மந்திரி கிளம்பிட்டாரும்மா," என்றார் தாசில்தார்.

செவந்தி தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டினாள். பழக்கதோஷத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பொத்தானை அழுத்தினாள். சைரன் அலற, பள்ளத்தெருவே பூத்தட்டும் பிள்ளைகுட்டியுமாக மேடேறி வந்தது. அவள் புருஷன் வடமலையை மட்டும் காணோம்.

"அண்ணன் எதிர்க்கட்சியாச்சே! சத்தம் நிக்கிற வரைக்கும் திறக்க மாட்டேன்னு கதவைச் சாத்திட்டாரு அக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அதை நிறுத்துங்க சார்!" என்று கத்திக்கொண்டே செவந்தி பள்ளத்தில் இறங்கி ஓடினாள். தாசில்தார் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். நிறுத்துவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.