அடுப்பில் போடச் சொன்ன நாவல்

"முதலில் எழுதியதை அடுப்பில் போடு. இரண்டாவதை எழுதிக்கொண்டு வா" என்று பால்வண்ணநாதன் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் அவர் பேரருவிக்குப் போகும் பாதையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தாமே எழுதி, தென்காசியில் தம் கைக்காசில் அச்சுப் போட்ட ஐந்து நாவல்களும் பலகையில் இருக்கும். குளித்து வருகிறவர்கள் ஈரத்தலையோடு நின்று கேட்பார்கள். எப்போது எழுதுவீர்கள்? எங்கிருந்து கிடைக்கிறது கதை? எங்களுக்கும் எழுத வருமா?

அவருக்கும் சொல்லப் பிடிக்கும்.

விடியுமுன் அருவியில் தலையைக் காட்டிவிட்டு, யாரோடும் ஒரு வார்த்தை பேசுமுன் இரண்டு பக்கம் எழுதிவிட வேண்டும். படித்ததை எழுதக்கூடாது, காதில் விழுந்ததை எழுத வேண்டும். கடைசியாக அந்த அடுப்பு. அதற்கு எந்த வருஷமும் சிரிப்பு தவறியதில்லை.

கூட்டம் கலைந்தது. ஒருவன் மட்டும் போகவில்லை. அவன் மனைவி ஈரத்துணி மூட்டையோடு இரண்டடி பின்னால் நின்றாள்.

"கடையத்துல வாத்தியாரா இருக்கேன், அண்ணாச்சி. பேரு செல்லச்சாமி. ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு நாவல் எழுதி உங்களுக்குத் தபால்ல அனுப்பியிருந்தேன். இப்ப சொன்னியளே, இதே வார்த்தையத்தான் கார்டுல எழுதியிருந்திய."

பால்வண்ணநாதனுக்கு ஞாபகம் வந்தது. நாவல் அல்ல, அந்தக் கட்டு. நானூறு பக்கமாவது இருக்கும்.

"என் கையால போட மனசு வரல. இவகிட்ட கொடுத்து, வெந்நீர் அடுப்புல போட்டுருன்னு சொல்லிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டேன்" என்று சொல்லி அவன் சிரித்தான்.

அதில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. நன்றிதான் இருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்தக் கட்டு வந்த மாதம் அவருடைய மூன்றாம் நாவல் அச்சில் இருந்தது. பிழை திருத்தவே கண் போதவில்லை. ஊர்பேர் தெரியாத ஒருவனின் கையெழுத்தை உட்கார்ந்து படிக்க யாருக்குப் பொழுது? கட்டைப் பிரிக்கவே இல்லை. மேலே சுற்றியிருந்த தாளை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு கார்டில் அந்த இரண்டு வரியை எழுதிப் போட்டார். எழுதி முடித்ததும், வரி நன்றாக விழுந்திருக்கிறதே என்று தமக்குள் மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"இரண்டாவது எழுதினீரா?"

"வரல, அண்ணாச்சி. அது எங்கண்ணன் கதை. கண்டித் தேயிலைத் தோட்டத்துல பதினஞ்சு வருசம் கிடந்து, நெஞ்சு வியாதியோட வந்தான். சாகுறதுக்குள்ள நாலு மாசம் சொல்லிக்கிட்டே இருந்தான். கேட்டுக் கேட்டு எழுதினேன். மறுபடி கேக்க அவன் இல்லியே."

பால்வண்ணநாதன் பலகையைப் பார்த்தார். நடுவில் இருந்தது அவர் முதன்முதலில் எழுதிய நாவல். அதை அவர் எந்த அடுப்பிலும் போட்டதில்லை. மூன்றாம் பதிப்பு.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும், அண்ணாச்சி. அதுல எந்த இடம் சரியில்ல?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தார். அதற்குள் புதிதாக நாலு பேர் வந்து நின்று, ஆசையோடு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"முடிவு" என்றார். "முடிவுதான் கூடிவரவில்லை."

செல்லச்சாமி மெல்லத் தலையாட்டினான். ஆறு வருஷமாகத் தேடியது கிடைத்துவிட்டவன் போல அவன் முகம் தெளிந்தது. அந்த மூன்றாம் பதிப்பில் ஒன்றை எடுத்துக் கையெழுத்துக் கேட்டான். போட்டுக் கொடுத்தார். புத்தகத்தை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவன் குதிரை வண்டி பேசப் போனான்.

அவள் நகரவில்லை. மற்றவர்கள் போகும்வரை நின்றிருந்துவிட்டு, கிட்டே வந்தாள்.

"ஐயா, நான் அதை எரிக்கல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"செத்தவுக பேசின பேச்சு. எப்படி எரிக்க? ஓலையைப் போட்டு வெந்நீர் காய்ச்சிட்டு, எரிச்சாச்சுன்னு சொல்லிட்டேன். கட்டு அப்படியே நெல்லுக் குலுக்கைக்குப் பின்னால இருக்கு. கொடுத்துரலாம்னு எத்தனையோ நாள் எடுப்பேன். படிச்சவுக ஒருத்தர் வாசிச்சுப் பாத்து, ஆகாதுன்னு சொன்னதாச்சே, திருப்பிக் கொடுத்தா இன்னும் நொந்துபோவாகளோன்னு பயந்து வச்சிருவேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க வாசிச்சவுக. சொல்லுங்க, கொடுக்கட்டுமா, வேண்டாமா?"

சாரல் கனத்தது. புத்தகங்களின் மேல் துணியை இழுத்துப் போட வேண்டும். அவர் போடவில்லை.

"நான் வாசிக்கல, தாயி" என்றார். "பிரிச்சே பாக்கல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவள் கையிலிருந்த புத்தகத்தை, ஈரம் படாத இடமாகப் பார்த்து, பலகையில் வைத்தாள். மூட்டையையும் அங்கேயே போட்டுவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தவனின் தோளைப் பிடித்துத் திருப்பி அவள் ஏதோ சொல்வது தெரிந்தது. செல்லச்சாமி அந்த ஈரப் பாதையில், வண்டிகளுக்கு நடுவே, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எதிரே ஒரு குதிரை வந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு கையையும் விரித்து அதன் முன்னால் நின்றாள்.