வலப்பக்க ஸ்டீரிங்

"ஸ்டீரிங் முதல்ல இடப்பக்கம்தான் இருந்துச்சு அங்கிள். நான்தான் வலப்பக்கம் மாத்தினேன்" என்றான் திலீப்.

ஒரு சாண் நீளம்கூட இல்லாத நீலக் கார் ஒன்று டீப்பாயின் மேல் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த வடிவேலு குனிந்து பார்த்து, "அப்படியா" என்றார்.

அவருக்குப் பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி அலமாரி. அதில் அறுபதுக்கும் மேற்பட்ட குட்டிக் கார்கள். எல்லாம் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்துக் கையால் செய்தவை. காதலி கவிப்ரியாவோடு வீடியோவில் பேசும்போது அந்த அலமாரி கண்ணில் பட்டதுமே, வருங்கால மாமனாரை மடக்க இதுதான் வழி என்று திலீப் முடிவு கட்டிவிட்டான். அவளிடம்கூட மூச்சு விடவில்லை.

மடக்கித்தான் ஆக வேண்டும். பொங்கோலில் கட்டப்போகும் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு இருவரும் சேர்ந்து மனுப் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள். கல்யாணத்துக்கு வீட்டில் சரி என்று சொல்லாமல் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கவிப்ரியா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவளாவது பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருந்திருக்கும். நர்ஸ் வேலை; ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட். அதனால் பிஸ்கட் டின்னுக்குள் காரை வைத்து, ரயிலில் யாரும் இடித்துவிடக் கூடாதே என்று மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் வீடு இருக்கும் புக்கிட் பாஞ்சாங் வரை தனியாகவே வந்து சேர்ந்திருந்தான்.

"இது உங்க முதல் கார் அங்கிள். கடையில வாங்கின செட்டை, கவி காட்டின பழைய போட்டோவைப் பார்த்து மாத்திச் செஞ்சேன். மூணு மாசம் ஆச்சு."

வடிவேலுவின் முகம் மலர்ந்தது. "ரஞ்சிதம், இங்க வா. நம்ம நீலக் கார் வந்திருக்கு."

கவிப்ரியாவின் அம்மா ரஞ்சிதம் தேநீரும் கறிபஃப்பும் கொண்டுவந்து வைத்தார். கையை நன்றாகத் துடைத்துவிட்டு, காருக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கினார்.

திலீப் பதறிப்போனான். "பார்த்து ஆன்ட்டி. சைடு கண்ணாடி ஒடிஞ்சிடும்."

"சரி தம்பி" என்ற ரஞ்சிதம் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டீரிங்கை வலப்பக்கம் மாத்தினா வைப்பரும் மறுபக்கமா படுக்கணுமே?"

திலீப்புக்குச் சுருக்கென்றது. ஸ்டீரிங்கை மாற்றினான், பெடல்களை மாற்றினான், வைப்பர் நினைவுக்கே வரவில்லை. ஆனால் மாமனார் எதிரில் அதை ஒத்துக்கொள்ள முடியுமா?

"அது சின்ன விஷயம் லா ஆன்ட்டி. பார்க்கிற யாருக்கும் தெரியாது."

"ஆமா, யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, ரஞ்சிதம் காரை மெல்லக் கீழே வைத்தார். "பெயின்ட் எத்தனை நாள் காய விட்டீங்க?"

"இது வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயின்ட் இல்ல ஆன்ட்டி. மெல்லிசா நாலு கோட். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள்."

"நம்ம ஊர் ஈரத்துக்கு ரெண்டு நாள் விட்டா நல்லது."

"அங்கிளுக்குத் தெரியும். ஒரு நாள் போதும்தானே அங்கிள்?"

"நான் என்னத்தைக் கண்டேன்" என்று வடிவேலு கறிபஃப்பைக் கடித்தார்.

இவ்வளவு கார்களைச் செய்தவருக்கு எத்தனை தன்னடக்கம் என்று திலீப் உருகிப்போனான். உருகியவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். நீலக் காரின் இன்ஜினைப் பற்றிச் சொன்னான், கியரைப் பற்றிச் சொன்னான், பத்து வருஷம் ஆனதும் நல்ல கார்களைக்கூட உடைக்க அனுப்பிவிடுகிற ஊரில் இப்படி ஒரு பொம்மையாவது மிஞ்ச வேண்டாமா என்று தொண்டை கரகரக்கப் பேசினான். எல்லாவற்றுக்கும் வடிவேலு, "அப்படியா" என்றார். மனுஷர் வாயைத் திறக்காமலே பரீட்சை வைக்கிறார் என்று திலீப் நினைத்துக்கொண்டான். நடுவில் ரஞ்சிதம் ஏதோ சொல்ல வந்தபோது, "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் டீ கிடைக்குமா?" என்று கேட்டான்.

டீ வந்தது. குடித்து முடித்த பிறகு தைரியமும் வந்தது.

"அங்கிள், நானும் கவியும் நாலு வருஷமா பழகுறோம். அவ இல்லாம நான் எதையும் நினைச்சுப் பார்த்ததில்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுக்கு மனுப் போடணும். உங்க சம்மதம் வேணும்."

சொல்லும்போது குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் மட்டும் நடிப்பே இல்லை.

வடிவேலு மனைவியைப் பார்த்தார். ரஞ்சிதம் நீலக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு மூடும் இடைவெளி, ஜன்னல் ஓரம், சக்கரம் என்று கண் ஒவ்வோர் இடமாக நின்று நகர்ந்தது.

"அவசரப்படாம செஞ்சிருக்கீங்க தம்பி. பொறுமை இருக்கு. கவியை நல்லா வச்சுக்குவீங்கன்னு தோணுது. மனுப் போடுங்க" என்றார்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு, திலீப் வடிவேலுவின் பக்கம் திரும்பினான். "ஆனா அங்கிள், நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். கார் பத்தித் தெரிஞ்சவர், நான் செஞ்சதைப் பார்த்துட்டு என்ன நினைக்கிறீங்கன்னு உங்க வாயால கேட்கணும்."

வடிவேலு சட்டையில் சிந்திய கறிபஃப் துகளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"என்னை ஏன் தம்பி கேட்கிறீங்க? எனக்கு லைசென்ஸ்கூடக் கிடையாது. அந்த நீலக் காரை ஓட்டினது ரஞ்சிதம், அலமாரியில இருக்கிற அத்தனையும் செஞ்சது அவ, நான் வாரத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுற ஆளு."