நிறமில்லை, மணமில்லை

"டீ ஆறுதும்மா, குடிச்சிடு. வேலைக்குப் போற உடம்பு." மாமியார் தன் கையாலேயே கோப்பையை நீட்டினாள். ஒரு வாரமாக இந்த உபசாரம்தான். கண்பட்டுவிடும், அவ்வளவு ஒற்றுமை!

மருமகள் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மடக்கென்று குடித்தாள். "உங்க காபியும் ஆறுது, அத்தை."

அவளுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. "பாட்டில் கழுவுறா" என்றுதான் மாமியார் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

மகன் அடுத்த மாதம் தனிக்குடித்தனம் போகிறானாம். மருமகளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் முன்னால் காட்டிவிட்டால், அவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்திவிடலாம். பையன் தன் முந்தானைக்குள்ளேயே கிடப்பான். அம்மையாரின் திட்டம் இது.

மருந்துக்கடையில் நிற்கும் அவள் தம்பிதான் குப்பியைக் கொடுத்தான். "மனசு பேதலிச்சவங்களுக்குக் கொடுக்கிற மருந்து, அக்கா. நிறமில்ல, மணமில்ல. நல்லா இருக்கிறவங்க குடிச்சா கண்ணு சொருகும், நாக்கு குழறும்."

குப்பி என்னவோ மாமியார் ஊற்றியதைவிட வேகமாகக் குறைந்தது. "அளவுலயும் திருடுறான், கட்டையில போறவன்" என்று தம்பியைச் சபித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமியார் வரவழைத்ததில் கூடம் நிறையச் சொந்தம். மாமியாருக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. ராத்திரி சந்தோஷத்தில் சரியாகத் தூங்கவில்லை அல்லவா!

"என்னம்மா, உனக்கு மனசு சரியில்லையாமே?" மகனின் பெரியப்பா மருமகளிடம் ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, பெரிய மாமா." குரல் கணீரென்று வந்தது. "அத்தைதான் கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்காங்க."

"அடிப்பாவி! யாரைச் சொல்றே?" என்று பாய்ந்து எழுந்தாள் மாமியார். அப்படித்தான் கத்த நினைத்தாள். வாயிலிருந்து வந்தது வெறும் கொழகொழ சத்தம். கால் பின்னிச் சோபாவில் சரிந்தாள்.

"அம்மா!" மகன் பதறினான்.

"மகனைப் பிரியிற ஏக்கத்துல கலங்கிப்போயிட்டா பாவம்" என்று பெரியப்பா உச்சுக்கொட்டினார். "நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுடா. உன் பெண்டாட்டி நல்லாத்தான் இருக்கா. நீங்க புது வீட்டுக்குப் போங்க."

மருமகள் ஓடிவந்து மாமியாரின் தலைக்குத் தலையணை வைத்தாள். பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியது. அவள் குனிந்து மாமியாரின் காதோரம் சொன்னாள்:

"அந்த மருந்து டீயில திரிஞ்சு வீணாப்போயிடும், அத்தை. காபியிலதான் நல்லா வேலை செய்யும்."