ரேகை இல்லாதவர்கள்

“விரல் ரேகை பதியாதவன் ஒருத்தனும் நாளையிலேர்ந்து கேட்டைத் தாண்டி உள்ள வரக்கூடாது. புரோகிராம மாத்து!” என்றார் மானேஜர் புவனேஸ்வரன்.

தோட்ட ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் லோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து இந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியே அவள் அப்பாவின் விரல்கள் தேய்ந்துவிட்டன. மெஷினுக்கு அவர் ரேகை பிடிபடவே இல்லை.

“சார், எங்கப்பாவுக்கு மட்டும்...”

“ரூல்ஸ்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்லா. உங்கப்பா என்ன ராஜாவா?”

“ரேகை இல்லாத யாரையுமே உள்ள விட வேணாமா சார்?”

“ஒருத்தனையும் விடாத!”

அவள் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள். டேட்டாபேஸில் ஆளுக்கோர் ஆவணம். ரேகை வைத்தவர் ஆவணத்தில்தான் ரேகை என்ற விவரமே இருக்கும். அது இல்லாத ஆவணங்களையெல்லாம் தேடிப் பிடித்து ‘அனுமதி இல்லை’ என்று எழுதும்படி பைத்தன் மொழியில் புரோகிராம் அடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடவிட்டாள்.

மறுநாள் காலை கொட்டுகிற மழை. தலைமையகத்து முதலாளிகளை ஏற்றி வந்த மானேஜரின் கார் கேட்டில் நின்றது. கார்டைக் காட்டியும் கேட் திறக்கவில்லை.

“லோகேஸ்வரி! என்னலா இது? திற!” என்று போனில் கத்தினார்.

“உங்க ஆவணத்துலயும் ரேகை இல்ல சார். ‘நான் என்ன கூலியா, கைநாட்டு வைக்க’ன்னு அன்னைக்கு மெஷினத் தள்ளிவிட்டீங்களே! ஒருத்தனையும் விடாதன்னதும் நீங்கதான்.”

போனில் கார்க் கண்ணாடியைத் தட்டும் சத்தம். அடுத்து, அப்பாவின் குரல்.

“எறங்கி வாங்க சார். ரேகை இல்லாதவங்க இந்தப் பக்கம்தான் நிக்கணுமாம்.”