கம்பிக்கு அந்தப் பக்கம்

“இன்னா மடம்மா இது? பெத்தவளை மண்ணுல வைக்கக்கூட பொண்ணை வெளிய வுடாத மடம்!”

வாசலில் நின்று ஏசுபாதம் கத்தினான். சிஸ்டர் ஒருவர் அவனை உள்ளே கூட்டிப்போய், குறுக்கே கம்பி போட்டிருந்த அறையில் உட்காரவைத்தார்.

ஏசுபாதம் செங்கல்பட்டில் ரயில்வே கலாசி. முந்தாநாள்தான் அச்சரப்பாக்கத்தில் அம்மாவை அடக்கம் செய்திருந்தான். தங்கச்சி சம்பூர்ணம் இந்த மடத்தில் கன்னியாஸ்திரி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எதுவும் நடத்தாத மடம். உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. செபம், மௌனம், கொஞ்சம் தோட்டவேலை.

அடக்கத்துக்கு வந்த சனம் முழுக்க அவளைத்தான் கேட்டது. “கல்நெஞ்சுக்காரி” என்று அவனும் சேர்ந்து திட்டினான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் திரை விலகியது.

“அண்ணா...”

“பேசாத! அம்மா கடைசிவரைக்கும் உன் பேரையே சொல்லிக்கினு கெடந்துச்சாம். ஊருக்கெல்லாம் செபம் பண்றியே, பெத்தவளுக்கு இன்னா பண்ணே?”

சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நித்திய வார்த்தைப்பாடு குடுத்துட்டா அப்புறம் வெளிய வர முடியாதுண்ணா. அதனால, அதுக்கு முன்னாடியே மடத்தை வுட்டுட்டு வந்து அம்மாவைப் பாத்துக்கறேன்னு சொன்னேன். மதரும் சரின்னாங்க. அம்மாதான் வேணான்னுடுச்சு.”

“அம்மாவா? எப்போ?”

“போன தபசு காலத்துல, ஈஸ்டருக்கு முன்னாடி. மூச்சு வாங்கிக்கினு பஸ் ஏறி வந்து, நீ குந்தியிருக்கிற எடத்துலதான் குந்திச்சு. ‘உங்கண்ணன் கீறான்டி. வாராவாரம் வர்றான். டாக்டர்கிட்ட அவன்தான் இட்டுக்கினு போறான், கஞ்சிகூட அவனே வெச்சுக் குடுக்கிறான். நீ நிம்மதியா செபம் பண்ணு’ன்னுச்சு.”

ஏசுபாதம் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“நீ இருக்கிற தைரியத்துலதான்ணா நான் வார்த்தைப்பாடு குடுத்தேன். தினமும் செபத்துல மொதல் பேரு உன்னுதுதான்.”

ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அச்சரப்பாக்கம் பஸ் ஏறியே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தது பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் என்பதே அவனுக்கு அடக்கத்தன்றுதான் தெரியும்.