ஏழாவது கிலோ

"இந்தத் தடவையாவது உன் கணக்கு சரியா வருமா சரிதா? அறுந்துடுமா, தாங்குமா? அதை மட்டும் சொல்லு" என்றார் விஜயராகவன்.

சேதராப்பட்டில் அவருக்கு ஒரு ரப்பர் தொழிற்சாலை. அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்த சரிதாவுமாகச் சேர்ந்து எட்டு மாதமாக அவருடைய பொறுமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏழு கிலோ சார். அங்கதான் தெரியும்" என்றாள் சரிதா. குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ரெண்டு தடவை இப்படித்தான் சொன்ன. ரெண்டு தடவையும் ஏழு கிலோவுல மானம் கப்பலேறிச்சு. இன்னிக்கு அந்தம்மா நேர்லயே வந்து உக்காந்திருக்காங்க. இதுவும் தப்பாச்சுன்னா கம்ப்யூட்டரை மூடிட்டு பேக்கிங் செக்‌ஷனுக்குப் போயிடு."

அந்தம்மா என்றால் உப்பளம் பகுதியிலிருந்து ஆர்டர் கொடுக்க வந்திருந்த செல்வாம்பாள். கொடுத்த காபியைத் தொடாமல், மெஷினில் மாட்டியிருந்த நீல நிற ரப்பர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இத்தனூண்டு பட்டைக்கு கம்ப்யூட்டர் எதுக்கு?"

"ரப்பர் ஒரே நாள்ல கெட்டுப்போறதில்லம்மா. தினமும் இழுக்க இழுக்க உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா தளரும். வெளியில பார்த்தா புதுசாட்டமே இருக்கும். எவ்வளவு இழுத்தா எவ்வளவு தளரும்னு கணக்குப் போட்டுத்தான் கலவையை மாத்தியிருக்கேன். அஞ்சாயிரம் தடவை லேசா இழுத்துப் பார்த்தாச்சு, ஒரு கீறல் இல்ல. இனிமே பலமா ஒரே இழுப்பு."

"கணக்கு தப்பாச்சுன்னா ஒரு உசுரும்மா. அதை மறந்துடாத."

சரிதா மறக்கவில்லை. அதனால்தான் பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பேக்கிங் செக்‌ஷனுக்குப் போவதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை. ஓர் உயிருக்கு யார் பதில் சொல்வது?

"போடட்டுமா மேடம்?" என்றார் மெஷினருகே நின்ற வடிவேல்.

"போடுங்கண்ணே."

மெஷின் முனகிக்கொண்டு பட்டையை இழுக்க ஆரம்பித்தது. வடிவேல் முள்ளைப் பார்த்து எண்ணினார்.

"மூணு... நாலு..."

பட்டை நீண்டுகொண்டே போனது. அதன் நீலம் வெளுத்தது.

"அஞ்சு... ஆறு மேடம்."

விஜயராகவன் சுவரில் தொங்கிய மணக்குள விநாயகர் காலண்டரைப் பார்த்து அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிய நாளிலிருந்து அவருக்குப் பக்தி கொஞ்சம் கூடியிருந்தது.

"ஏழு" என்று வடிவேல் சொல்லி வாயை மூடவில்லை, பட்டென்று பட்டை அறுந்து, ஒரு துண்டு செல்வாம்பாளின் காலடியில் போய் விழுந்தது.

சரிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. செல்வாம்பாள் மெல்லக் குனிந்து அந்தத் துண்டை எடுத்தார்.

"போன வருஷம் எங்க ஸ்கூல் பிள்ளை ஒண்ணு வேனை விட்டு இறங்கறப்போ, கழுத்துல போட்டிருந்த ஐ.டி. கார்டு கயிறு கதவுல மாட்டிக்கிச்சு. உசுரு பொழச்சதே பெருசு. அந்தக் கயிறு கடைசிவரைக்கும் அறுந்துபோகவே இல்லம்மா" என்றவர், சரிதாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஜூன்ல ஸ்கூல் திறக்கறப்போ என் ஆயிரத்து இருநூறு பிள்ளைங்க கழுத்துலயும் இந்த அறுந்துபோற பட்டைதான் இருக்கணும்."